மோட்டார் ரூம் தேனீக்களுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் இருந்த தேன்கூடு பெட்டிக்கு மாறி நல்லபடியாக இருக்கிறது. ராணி முட்டை வைக்கிறது. புங்கன் பூத்ததிலிருந்து பெட்டியின் மேல் அறையிலும் தேன் சேர ஆரம்பித்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நீயா எடுத்தே?" என்று கேட்கிறார்கள். நான் ஒருத்தி செய்த வேலை இல்லை இது. யார் யார் கை கொடுத்தார்கள், யார் யார் பேசாமல் இருந்தே உதவினார்கள் என்று எழுதத்தான் இந்த மடல்.

முதலில் பங்காளி வீட்டு அண்ணன்களுக்கு. கூட்டைப் பார்த்தால் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, ஈயை விரட்டி, அடையைப் பிழிந்துகொண்டு போவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். புழு, முட்டை எல்லாம் அந்தத் தேனோடு சேர்ந்து நசுங்கிப்போகும். அன்றைக்கும் ஓலையோடும் குண்டானோடும்தான் வந்தார்கள். "கொஞ்சம் பொறுங்கண்ணா, பெட்டியில வெச்சுப் பாக்குறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். போட்டுவிட்டுப் போன ஓலை அடுப்புக்கு ஆயிற்று. அண்ணன்களே, அந்த முணுமுணுப்புக்கும் சேர்த்து நன்றி.

அப்புறம் தீயணைப்பு நிலையத்தில் போனை எடுத்த அண்ணனுக்கு. "எங்கே இருக்கு" என்று கேட்பதற்கு முன்னால், "ஒரே அடையா, அடுக்கு அடுக்கா இருக்கா?" என்று கேட்டார். விவரம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய மரக்கிளையிலும் வெட்டவெளியில் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். இருட்டான பொந்திலும் சுவரிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத் தேனீ. அது பெட்டிக்கு வரும். எங்கள் மோட்டார் ரூமில் பலகை வைத்து மூடிக் கிடந்த பழைய மாடக்குழிக்குள் இருந்தது இந்த ரகம். "அப்படின்னா மருந்து அடிக்க வேணாம்மா" என்று சொல்லி, தேனீ வளர்க்கிற பாலக்கோட்டுப் பெரியவர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். அந்த அண்ணனை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

பெரியவரைப் பற்றி எழுதினால் இந்த மடல் முழுக்க அவருக்கே போய்விடும். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் ஒரு காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நியூட்டன் பெட்டி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்னால் நம் அடுக்குத் தேனீயின் உடம்பு அளவுக்குச் செய்தது. கீழே புழு அறை, மேலே தேன் அறை. 1990களின் தொடக்கத்தில், தேனீப் புழுக்களைக் கொல்கிற 'தாய் சாக்புரூட்' (தாய்லாந்துப் பெயர் கொண்டது) என்ற வைரஸ் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாக அழிந்தபோது, பெரியவரிடம் இருந்ததும் எல்லாம் போனது. புழுக்கள் பை மாதிரி வீங்கி அறைக்குள்ளேயே செத்துக் கிடந்தனவாம். காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றி வைத்தவர், பல வருஷம் கழித்து ஒவ்வொன்றாக இறக்கினார். எனக்கு வந்தது அதில் ஒன்று.

வேலையைச் சாயங்காலம்தான் ஆரம்பித்தார், வெளியே போன ஈயெல்லாம் வீடு திரும்புகிற நேரம் என்று. லைன் பார்க்கிற தம்பி ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, முடியும் வரை வெளியிலேயே நின்றான். அன்றைக்கு அவன் வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை. அம்மா கொசுவலையை வெட்டித் தொப்பியில் தைத்துக் கொடுத்திருந்தார். பெரியவர் தேங்காய் நாரில் புகை போட்டு, பலகையை நீக்கினார். "இனிமே நீதான்" என்று கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் தொடவில்லை. சொல்வதோடு சரி. "தேன் இருக்கிற மேல்பக்கத்த வெட்டித் தனியா வை. புழு இருக்கிற அடைய உள்ளங்கையில ஏந்திக்க. மேல்பக்கம் மேலயே இருக்கணும், தலைகீழாக் கட்டிடாத." அடையின் அறைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால்தான் அப்படி. பெட்டிக்குள் தொங்குகிற மரச் சட்டத்துக்குள் அடையை வைத்து, நனைத்த வாழைநாரால் கட்டினோம். நடுவில் ஒரு அடையில் ராணி தெரிந்தது. மற்றதைவிட நீளமான, கருத்த உடம்பு. அதை ஓட்டை போட்ட தீப்பெட்டிக்குள் விட்டுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலில் சில ஈக்கள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இறக்கையை வீச ஆரம்பித்தன. ராணி உள்ளே இருக்கிறது, வாங்க என்று மற்றதுக்கு வாசனையை வீசிச் சொல்கிற வேலை அது. சுவரில் அப்பியிருந்த கூட்டம் மெல்ல இறங்கி, வரிசை பிடித்து உள்ளே நடந்துபோனது. பறக்கக்கூட இல்லை, நடந்துதான் போனது. லைன்மேன் தம்பி போனில் வீடியோ எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான் (இன்னமும் அதைச் சொல்லிப் புலம்புகிறான்).

எடுத்தது ஒரு சாயங்காலம். நிலைக்க வைத்தது அதற்கப்புறம். அடுக்குத் தேனீ பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்தோடு ஓடிவிடும். அதனால் ராணி வெளியே வர முடியாதபடி வாசலில் ராணித் தடுப்பு வைத்தோம். சாயங்காலத்தில் மட்டும் சர்க்கரைப்பாகு. பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டத்து ஈ வந்து கொள்ளையடிக்கும். பாகை ஊற்றின கொட்டாங்கச்சியில் ஈ விழுந்து சாகாமல் இருக்க நாலு குச்சியைப் போட வேண்டும். ரேஷன் சர்க்கரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, டீக்கு வெல்லம் போட்டுக் குடித்த சித்திக்குத் தனி நன்றி. மோட்டார் ரூம் வாசலை ஒட்டி வைத்த பெட்டியைத் தினம் ஒரு முழம் மட்டும் நகர்த்தி மாமரத்தடிக்குக் கொண்டுபோனோம். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் ஈ பழைய இடத்துக்கே திரும்பிப்போய் அலையும்.

சந்தேகம் என்று போன் செய்தால் பெரியவர் பதில் சொல்ல மாட்டார். "அடிப்பலகையில என்ன கிடக்கு?" என்று திருப்பிக் கேட்பார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போகப் புரிந்தது. அறுந்த வாழைநார்த் துண்டுகள் கிடந்தால், அடையை ஈ மெழுகு வைத்துச் சட்டத்தில் ஒட்டிவிட்டது, நார் வேண்டாம் என்று கடித்து வெளியே தள்ளுகிறது. வலை மாதிரி நூலும் கறுப்புத் துகளும் இருந்தால் மெழுகு அந்துப்பூச்சி, உடனே பலகையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். எறும்பு இருந்தால், பெட்டி ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. பெட்டியைத் திறக்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஈயைத் தொந்தரவு செய்கிற வேலையும் மிச்சம். இப்போது நானே அடிப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுக்கிறேன், பாதி நாள் பேச வேண்டியதே இல்லை. பணம் கொடுத்தால் வாங்கவில்லை. பெட்ரோலுக்கு மட்டும், அதுவும் பேரம் பேசி, நான் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்து அத்தைக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூக்கிற நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்காதவர்கள் குறைவு. ஒரு தடவை பூவைக் கொட்டவிட்டால் அந்த வருஷத்து வருமானம் போயிற்று, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தை காலையில் அடிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். முந்தின நாளே "நாளைக்கு அடிக்கிறேன் சாமி, உன் ஈயைக் கட்டி வெச்சுக்கோ" என்று குரல் கொடுப்பார். நான் இருட்டினதும் வாசலைக் கம்பி வலையால் அடைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் கழித்துத்தான் திறப்பேன். மருந்து அடிக்க வருகிற ஆட்கள் சாயங்காலம் என்றால் கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை அத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்து அடிக்க வந்தவர்தான் சொன்னார்.

அத்தை பாகலும் பீர்க்கனும் பந்தல் போட்டிருக்கிறார், பிஞ்சு நிறையப் பிடிப்பதாகச் சொல்கிறார். அடுத்த தையில் கூட்டம் பெருகினால் பெட்டியைப் பிரிக்கலாம் என்கிறார் பெரியவர். பிரித்தால் ஒன்று அந்தப் பந்தலுக்குப் பக்கத்தில்தான். ஆசாரியிடம் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். அத்தை, ஸ்டாண்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு காலுக்கும் கிண்ணம் வேண்டும், எறும்பு உங்கள் பக்கம்தான் அதிகம்.

அன்புடன்,
மோட்டார் ரூம் தோட்டத்துப் பெண்,
காவேரிப்பட்டணம் பக்கம்