கிளட்ச் இல்லாத வண்டி வாங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

மின்சாரக் கார் வாங்கலாமா, வாங்கினால் கையில் இருக்கும் பழைய கியர் காரை என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தாய். கேட்டது இரண்டு. கேட்காமல் விட்டது ஒன்று: மாறினால் இத்தனை காலம் நேசித்ததற்குத் துரோகம் ஆகிவிடுமோ என்கிற உறுத்தல். வண்டிப் பித்து உள்ள எல்லாருக்கும் இன்று அது இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேகத்தைப் பற்றிய சண்டையை முதலில் ஓரமாக வை. அது தீர்ப்பான வழக்கு. சாலை வண்டிகளில் மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியதே 1899-இல் ஜெனாட்சி என்ற பெல்ஜியப் பந்தய வீரர் ஓட்டிய மின்சார வண்டிதான். 2018-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஃபோக்ஸ்வேகனின் ஐடி.ஆர் என்ற மின்சாரப் பந்தய வண்டி 7 நிமிடம் 57.148 விநாடியில் உச்சியைத் தொட்டது. அதற்கு முன் எந்த வண்டியும் அங்கே 8 நிமிடத்துக்குள் ஏறியதில்லை. உயரம் போகப்போகக் காற்று மெலியும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். மோட்டாருக்கு அந்தக் கவலை கிடையாது. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே: பெட்ரோல் வண்டி அன்றைய மின்சார வண்டியை ஓரங்கட்டியதற்கே எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் தொல்லையைப் போக்கிய, 1912-இல் காடிலாக்கில் வந்த மின்சார ஸ்டார்ட்டர் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, குறை வேகத்தில் இல்லை. ஓட்டுபவனின் கைக்கும் காலுக்கும் இருந்த வேலை போய்விட்டது. பெட்ரோல் எஞ்சின் தன் முழு இழுவையையும் ஒரு குறிப்பிட்ட சுற்றுவேக எல்லைக்குள்தான் தரும். அந்த எல்லையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் கியர், கிளட்ச் எல்லாம். வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது பிரேக்கை விடாமல், வலது காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சுற்றை ஏற்றிவிட்டுக் கிளட்சை விடுவாயே, அது அலங்காரத்துக்காக வந்த வித்தை அல்ல. தட்டாமல் விட்டால் பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் அந்தச் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், வால் விலகும். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு டார்க்கைத் (சுழற்றும் விசையை) தந்துவிடுகிறது. ஏறத்தாழ 9-க்கு 1 என்ற ஒரே பல்விகிதம் போதும், நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் ஓடும். கற்றுக்கொள்ள இருந்த ஒன்று, கற்கத் தேவையில்லாத ஒன்றாகிவிட்டது. ஆதங்கம் நியாயமானதுதான்.

ஹூண்டாயின் ‘ஐயோனிக் 5 N’ என்கிற மின்சார வண்டியில், இல்லாத கியரை இருப்பதுபோல் மென்பொருளால் காட்டி, ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தமும் வைத்திருக்கிறார்கள். பொம்மை என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கியர் வண்டியில் வேகத்தைக் கண்ணால் மட்டுமா அறிகிறாய்? பாதி காதால்தான். அந்தச் சத்தம் இல்லாதபோது வளைவுக்குள் நினைத்ததைவிட வேகமாக நுழைந்துவிடுவோம். மாறிய முதல் சில வாரம் இது பலருக்கும் நடக்கும். பொய்ச் சத்தமானாலும் அது ஒரு அளவுகோல். அது இல்லாத வண்டி வாங்கினால், வளைவுக்கு முன் வேகமானியைப் பார்க்கும் பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொள்.

என் உண்மையான புகார் எடையைப் பற்றியது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கையும் அதற்கு மேலும் சூடாக வீணடிக்கிறது, ஆனாலும் 40 லிட்டர் பெட்ரோலின் எடை 30 கிலோதான். 60 கிலோவாட்-மணி பேட்டரியின் எடை 350 முதல் 450 கிலோ வரை. பெட்ரோல் ஓட ஓடக் குறையும், பேட்டரி குறையாது. 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் ஆயிரம் கிலோவுக்கு உள்ளே நின்றது. மேலே சொன்ன ஐயோனிக் சுமார் 2,200 கிலோ. ஒரே வேகத்தில் இரண்டையும் நிறுத்தினால், பின்னதின் பிரேக்கும் டயரும் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலை விழுங்கியாக வேண்டும்.

இந்தப் பேட்டரி எடை தரையோடு ஒட்டிக் கிடப்பதால் வண்டி வளைவில் அதிகம் சாய்வதில்லை. விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் சாய்வு என்பது எச்சரிக்கை. பழைய வண்டி சாய்ந்து, டயர் முனகி, ஸ்டியரிங் லேசாகி, பிறகுதான் பிடி விடும். கனமான வண்டி தட்டையாகவே போய்க்கொண்டிருக்கும், திடீரென்று முன்பக்கம் நழுவும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் திருப்பாதே; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடு, வளைவைக் கொஞ்சம் அவிழ், பிடி திரும்பும். காலை வெடுக்கென்று எடுத்தால் பின்சக்கர வண்டியில் ரீஜென் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரம் ஆக்குவது) பின்சக்கரத்தை மட்டும் பிடித்து வாலைச் சுழற்றப் பார்க்கும். மென்பொருள் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஈரச் சாலையில் அதையே நம்பி இருக்காதே.

டயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள சுமை எண் பழைய டயரில் இருந்ததற்குக் குறையவே கூடாது. எக்ஸ்எல் அல்லது எச்எல் (கூடுதல் சுமை தாங்கும் டயர்களுக்கான குறி) என்று இருந்தால் அதே வகைதான் வாங்க வேண்டும். காற்று, வண்டி ஓடாமல் மூன்று மணி நேரம் நின்றபின், மாதம் ஒரு முறை. உடனடி டார்க்கால் இழுக்கும் சக்கர டயர்கள் சீக்கிரம் தேயும். கையேடு அனுமதித்தால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்று.

பிரேக்கில் நேர்மாறான சிக்கல்: தேய்வதில்லை, துருப்பிடிக்கிறது. அன்றாட வேகக்குறைப்பை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வம். டிஸ்க்கில் குழி விழும், காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் வழுக்குமுளை இறுகும், பேட் சாய்ந்து தேயும். அவசரத்தில் மிதிக்கும்போதுதான் தெரியவரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பின்னால் வண்டி வராத நேரான சாலையில், 80-இலிருந்து 20 வரை அழுத்தமாக ஆறு முறை மிதி, நடுவே அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவை. கடைசி மிதியில் முழுதாக நிறுத்திப் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்காதே. ஒரு நுணுக்கம்: ரீஜெனைக் குறைத்து வைத்தாலும் சில வண்டிகளில் பெடலை மிதித்ததும் கணினி முதலில் மோட்டாரைத்தான் கூப்பிடும். கையேடு இடம் கொடுத்தால் நியூட்ரலில் போட்டு மிதி. வருஷம் ஒரு முறை முளைகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் மெல்லிசாகப் பூசு.

பந்தயத் தடத்துக்குப் போகும் ஆசை இருந்தால் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு போய்த் தொடங்காதே. நிறைந்த பேட்டரி மீள்மின்சாரத்தை வாங்காது. முதல் சுற்றில் பிரேக் ஒரு மாதிரி இருக்கும், நான்காவது சுற்றில் வேறு மாதிரி. 85 அளவில் தொடங்கினால் நல்லது. 30-க்குக் கீழே போனால் சக்தி குறையத் தொடங்கிவிடும். சூடானாலும் வண்டி தானே சக்தியைக் குறைக்கும். அது கோளாறு அல்ல, பேட்டரி தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆறவிட்டுப் போ.

ஸ்பானர் பிடித்தவனுக்கு இனி வேலையே இல்லை என்று சிலர் புலம்புவது பாதி உண்மை. கேபின் ஃபில்டர், வைப்பர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், எல்லாம் நீயே செய்யலாம். கியர்ப்பெட்டி ஆயில் ‘வாழ்நாள் முழுக்கப் போதும்’ என்று எழுதியிருந்தாலும், ஒரு முறை வடித்துப் பார்ப்பது நல்லது. காந்த மூடியில் மெல்லிய சேறு இருந்தால் இயல்பு, துண்டுகள் இருந்தால் விசாரிக்க வேண்டும். பாதியில் நிற்கும் மின்சார வண்டிகளில் பலவற்றில் குற்றவாளி பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் உள்ளே இணைப்பே மூடாது, 90 சதவீதம் இருந்தும் வண்டி மரக்கட்டை. பழையதாகிவிட்டால் சாகும்வரை காத்திராமல் மாற்றிவிடு. ஜாக்கியை குறித்த இடத்தில் மட்டும் வை. அரை அங்குலம் உள்ளே தள்ளினால் பேட்டரிப் பெட்டியின் அடியை நசுக்குவாய். கூலன்ட்டில் கையேடு சொன்ன வகையைத் தவிர எதையும் ஊற்றாதே, சில வண்டிகளுக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதே. 400 வோல்ட், சிலவற்றில் 800. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் சில நிமிடம் மின்சாரம் நிற்கும். அதற்கான பயிற்சியும் 1,000 வோல்ட் கையுறையும் இல்லாமல் அங்கே கை வைக்கக் கூடாது. இதில் உன் தைரியத்தைக் காட்ட வேண்டாம்.

நான் கோபப்படுவது பூட்டிய மென்பொருளைப் பார்த்துத்தான். ஒரு பாகத்தை மாற்றினால் உற்பத்தியாளரின் கணினி ஒப்புக்கொண்டால்தான் ஓடும் என்பது மின்சாரத்தின் குணம் அல்ல, வியாபாரத்தின் குணம். பெட்ரோல் வண்டிகளிலும் வந்துவிட்டது. வாங்குமுன் கேள்: பட்டறைக் கையேடு வெளியில் கிடைக்குமா? பேட்டரியில் ஒரு தொகுதி மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்களா, பெட்டியையே மாற்றச் சொல்வார்களா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பழையது வாங்குவதானால் ஓடிய தூரத்தைவிட பேட்டரி நலம் எத்தனை சதவீதம், செல்களுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் எவ்வளவு என்ற அறிக்கைதான் முக்கியம். செல் எந்த வகை என்றும் கேள். இரும்பு பாஸ்பேட் வகையை வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றச் சொல்வார்கள். சார்ஜ் குறைந்தாலும் அதன் வோல்ட் அதிகம் மாறாமல் இருப்பதால் அவ்வப்போது நிரம்பாவிட்டால் கணினிக்குக் கணக்கு தப்பும். நிக்கல் வகையை அன்றாடம் 80-இல் நிறுத்து, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுக்க ஏற்று. விரைவு சார்ஜில் 80-க்கு மேல் உட்கார்ந்திருப்பது வீண், அதன்பின் வேகம் மிகவும் குறைந்துவிடும்.

இனி பழைய வண்டி. விற்காதே, ஆனால் நிறுத்தி வைத்தால் போதும் என்றும் நினைக்காதே. வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டர் ஜெட் அடைபடும், பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பு விடும். மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் புதுப் பெட்ரோலால் டேங்கை நிரப்பி, நிலைப்படுத்தும் மருந்தை டப்பாவில் சொன்ன அளவு ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, அது ஜெட் வரை போகும்படி செய். எஞ்சின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்று, எடுக்கும்போது அல்ல. பழைய ஆயிலின் அமிலம் பேரிங்கை அரிக்கும். ஹேண்ட் பிரேக் போடாதே, சக்கரத்துக்குக் கட்டை வை. பேட்டரிக்குத் தானாக நின்று ஏற்றும் சார்ஜர் மாட்டு. சைலன்சர் வாயை எலி புகாமல் கம்பிச்சுருளால் அடைத்தால், அடைத்ததை ஸ்டியரிங்கில் எழுதித் தொங்கவிடு.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் வண்டிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். ஆயில் சூடேறாமல் உள்ளே ஈரம்தான் சேரும். மாதம் ஒரு முறை எடு, அரை மணி நேரமாவது ஓட்டு. பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, டைமிங் பெல்ட் கையேட்டில் உள்ள ஆண்டுக் கெடுவில். ஓடாத வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது.

எஞ்சினை எடுத்துவிட்டு அதிலேயே மின்மோட்டார் பொருத்தலாமா என்றும் உனக்குத் தோன்றலாம். அந்த வண்டிக்கு வேண்டாம் என்பேன். மோட்டாரையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் தட்டு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் மையம் சேர வேண்டும், இல்லாவிட்டால் தண்டின் பற்கள் தேய்ந்துபோகும். எஞ்சின் போனதும் பிரேக் பூஸ்டருக்கு (மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) அது தந்த வெற்றிடம் போய்விடும், தனி பம்ப் வேண்டும். இணைப்பி (பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கும் பெரிய சுவிட்ச்) மூடுமுன் மின்தேக்கியை மெதுவாக நிரப்பும் மின்தடை வைக்காவிட்டால் முதல் முறையே இணைப்பி பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் செத்த, உடம்பு மட்டும் நன்றாக இருக்கிற வண்டி கிடைத்தால் செய், கூட நிற்கிறேன். நன்றாக ஓடும் எஞ்சினைப் பிடுங்காதே.

பார்த்து வைத்திருக்கும் வண்டியின் பேட்டரி அறிக்கையைப் படமெடுத்து அனுப்பு, டயரின் பக்கச்சுவரையும் சேர்த்து. முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

அன்புடன்,
அம்மா