நிறுவுதிறன் வேறு, யூனிட் வேறு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

நம் நாட்டின் மின் நிறுவுதிறனில் நிலக்கரி, எரிவாயு இல்லாத பங்கு 50 சதவீதத்தை எட்டிவிட்டது என்று பெருமையாக எழுதியிருந்தாய். எனக்கும் பெருமைதான். 2030-க்குள் எட்டுவோம் என்று 2022-இல் ஐ.நா.வுக்கு வாக்குக் கொடுத்தோம், 2025-லேயே எட்டிவிட்டோம். ஆனால் நிலையங்களால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்கிற நிறுவுதிறன் வேறு, உண்மையில் கைக்கு வந்த யூனிட் வேறு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூரியத் தகடு வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும். நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான்.

பகலில் சூரிய மின்சாரம் வந்து குவிகிறது. பொழுது சாய்ந்தால் போச்சு. வீட்டுக்கு வீடு விளக்கும் ஏசியும் போடுகிற நேரமும் அதுதான். காடம்பாறை நீர்மின் நிலையத்தில் நாம் ஷிப்ட் பார்த்ததை நினைத்துப் பார். ராத்திரி மிச்சப்படும் மின்சாரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மலைக்கு ஏற்றி, மின்தேவை உச்சத்தில் இருக்கும் பீக் நேரத்தில் கீழே விட்டு 400 மெகாவாட் எடுப்போமே! பம்பாக ஓடிய மெஷினை நிறுத்தி, எதிர்த் திசையில் சுற்றவிட்டு லைனில் சேர்க்கும் வரை ஒருத்தரும் டீயைத் தொட மாட்டோம். இன்றைக்கு அதே வேலையைப் பட்டப்பகல் வெயிலை வைத்தே செய்யலாம். நீலகிரியில் குந்தாவில் இப்படியே தண்ணீரை ஏற்றி இறக்க 500 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டார்கள். அதைப்போல இன்னும் பத்து வேண்டும், பேட்டரியும் வேண்டும்.

அப்புறம், 2030-க்குள் புகையை 45 சதவீதம் குறைப்போம் என்று அதே ஐ.நா.வுக்குக் கொடுத்ததாகப் பேசப்படும் அந்த வாக்குறுதி. மொத்தப் புகையே பாதியாகக் குறையப்போகிறது என்று உன் தம்பி நினைப்பது சரியில்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு புகை என்பதை 2005-ஓடு ஒப்பிடும் கணக்கு அது. பொருளாதாரம் வளர்ந்தால் மொத்தப் புகை கூடவும் செய்யலாம். இதில் நம்மைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு விடுகிற நாடும் 14 டன் விடுகிற அமெரிக்காவும் ஒரே வாக்குறுதி கொடுப்பது நியாயமே இல்லை.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு நிலக்கரி இல்லாமல் எவ்வளவு தருவோம் என்று ஒரு இலக்கு எழுதியே ஆகவேண்டும். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னாயே, இதையே பேசு. கணக்கு வேண்டுமானால் போன் பண்ணு, எடுத்து வைக்கிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஷிப்ட் தோழன்