பம்ப்பில் சேர்க்கும் ஸ்டீராய்டு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சி பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்தது. பிறந்த கையோடு ஸ்விட்ச் ஆபரேஷனை, அதாவது இதயத்திலிருந்து இடம் மாறிக் கிளம்பிய இரண்டு பெரிய ரத்தக் குழாய்களைச் சரியாக மாற்றி வைக்கும் ஆபரேஷனைத் தாங்கிய பிள்ளை அவன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் சந்தோஷம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெத்தில்பிரெட்னிசலோன்' என்று பார்த்துவிட்டு வீடே கலங்கிப் போயிருப்பதாக எழுதியிருந்தாய். ஸ்டீராய்டு என்றாலே நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். நான் ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் பம்ப் மெஷினை ஓட்டுகிறவன், டாக்டர் இல்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்ப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 250 மில்லி ரத்தம் இருக்கும். இதயத்தை நிறுத்தி வேலை செய்யும்போது அது முழுவதும் எங்கள் மெஷின் வழியாகத்தான் சுற்றி வருகிறது. அதன் ட்யூபையும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டரையும் நிரப்பவே சில சமயம் கிட்டத்தட்ட அதே அளவு திரவம் வேண்டும். பிளாஸ்டிக்கில் பட்ட ரத்தம் சும்மா இருக்காது. உடம்பு முழுக்க அழற்சி கிளம்பி, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். மறுநாள் ஐசியூவில் போய்ப் பார்த்தால் இமை திறக்க முடியாதபடி வீங்கியிருக்கும். விரல் மடிப்பெல்லாம் மறைந்து தோல் பளபளக்கும். இதயமும் வீங்குவதால் சில குழந்தைகளுக்கு நெஞ்சைத் தைத்து மூடாமல், மேலே மெல்லிய உறை ஒட்டி விட்டுவைப்பார்கள். நர்ஸ் மணிக்கொரு தடவை எத்தனை மில்லி மூத்திரம் போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார்.

இந்த அழற்சியை முன்கூட்டியே அடக்கத்தான் ஸ்டீராய்டு. பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு, இன்னொன்றில் யாருக்குமே கிடையாது. இப்படி ஆளுக்கொரு வழக்கமாக இருந்தது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அமெரிக்காவில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர்; 2022-இல் முடிவு வெளியானது. ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகள். பாதிப் பேருக்கு எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கணக்கில் மெத்தில்பிரெட்னிசலோனைப் பம்ப் திரவத்திலேயே சேர்த்தார்கள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத பிளாசிபோ. யாருக்கு எது என்று சர்ஜனுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. மரணம், இதய மாற்று, பெரிய சிக்கல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு பக்கம் கொஞ்சம் சாய்வு இருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்னும் அளவுக்குத்தான். இன்னொன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: சர்க்கரை ஏறி இன்சுலின் தேவைப்பட்டவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 19 சதவீதம், மற்றதில் 6.7 சதவீதம். அதற்கு முன்பே சீனா, ரஷ்யா, பிரேசிலில் டெக்ஸாமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நிச்சயமான பலன் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பெற்றோர்களைத்தான் அடிக்கடி நினைக்கத் தோன்றுகிறது. கையில் பச்சைக் குழந்தை, நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'எந்தக் குழுவில் விழும் என்று சொல்ல முடியாது, சம்மதமா' என்று கேட்கிறார். அதற்குக் கையெழுத்துப் போட எவ்வளவு மனசு வேண்டும்! அவர்கள் சம்மதித்ததால்தான் இன்று நாம் ஊகத்தில் பேசாமல் இருக்கிறோம். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்து முடிவெடுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன மருந்து ஏற்றியும் பிரஷர் நிற்காத குழந்தைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது வேறு கதை, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தங்கச்சி மகளிடம் தைரியமாகச் சொல். வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனமாகும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களைப் பற்றிய பேச்சு. ஆபரேஷன் அன்று ஒரு தடவை கொடுத்தது அந்தக் கணக்கில் சேராது. சம்மரியில் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று இருக்கும், அதை மட்டும் பார்த்து எழுது. நாள் கூடியிருந்தால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, வரச் சொன்ன தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
சேகர்