நீங்க அனுப்பின பிரேக் லைன் லீக் ஆகுது, உங்க கஸ்டமர் கேர் சொன்ன யோசனை அத விட ஆபத்து

வணக்கம் சார்,

என்கிட்ட இருக்குறது பழைய பிக்கப் வண்டி, அதுக்கு பின் வீலுக்குப் போற பிரேக் லைன (பிரேக் ஆயில் போற பைப்ப) உங்ககிட்ட ரெடிமேடா வாங்கினேன், அதப் பத்தின புகார் தான் இது. கொஞ்சம் நீளமா இருக்கும், முழுசா படிச்சுட்டு பதில் போடுங்க.

போன மாசம் பிரேக் மிதிச்சா பெடல் பாதிக்கு மேல இறங்கிடுச்சு. முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் தனித்தனி சர்க்கியூட்டுங்கறதால முன் பிரேக் மட்டும் பிடிச்சு வண்டி நின்னுச்சு. கீழ படுத்து பாத்தா சேஸ் ஓரமா போற பைப்பு, கிளிப் பிடிச்சிருக்க எடத்துல துரு தின்னு பொத்துக்கிட்டு ஆயில் சொட்டுது. அந்த கிளிப்புக்குள்ள தான் சேறும் ஈரமும் தங்கும், மத்த எடம் நல்லா இருந்தாலும் அங்க அரிச்சுடும். நட்டெல்லாம் இறுகிப் போயிருந்துச்சு, ரெண்டு நாள் ஸ்ப்ரே அடிச்சு ஊற வச்சு, நட்டோட முனை மழுங்கக் கூடாதுன்னு அதுக்குன்னே இருக்குற ஃபிளேர் நட் ஸ்பேனர் போட்டு பொறுமையா கழட்டினேன்.

உங்க லைன மாட்டி, உள்ள இருந்த காத்த வெளியேத்திட்டு பெடல அழுத்திப் பிடிச்சா மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா ஆயில தள்ளுற பாகம்) பக்க முனைல கசியுது. கழட்டி பழைய பைப்போட வச்சு பாத்தப்ப தான் புரிஞ்சுது. பைப்பு முனைய விரிச்சு வச்சிருக்கறதத் தான் ஃபிளேர்னு சொல்வாங்க. பழசு டபுள் ஃபிளேர், வாய் ரெண்டா மடிஞ்சு புனல் மாதிரி 45 டிகிரில விரிஞ்சிருக்கு. உங்களுது அந்த முனைல மட்டும் பபுள் ஃபிளேர், குமிழ் மாதிரி இருக்கு, இன்னொரு முனை சரியா டபுள் ஃபிளேர் தான். பைப்பு ரெண்டும் 4.75 மில்லி, மரையும் ஏறிடுச்சு, அதனால மாட்டும்போது சந்தேகமே வரல. ஆனா ரெண்டு ஃபிளேரும் உக்கார்ற சீட்டு வேற வேற சார், எவ்ளோ இறுக்கினாலும் சீல் ஆகாது.

உங்க கஸ்டமர் கேருக்கு போன் பண்ணினா இன்னும் அரை சுத்து இறுக்குங்கன்னு சொன்னாங்க, நானும் நம்பி இறுக்கினேன், இப்ப மாஸ்டர் சிலிண்டர் சீட்ல தழும்பு விழுந்துடுச்சு. மறுபடி கூப்பிட்டப்ப அந்த முனைய வெட்டிட்டு கம்ப்ரெஷன் ஜாயிண்ட் (ஃபிளேர் இல்லாம, நட்ட இறுக்கி பைப்ப நெரிச்சுப் பிடிக்குற இணைப்பு) போட்டுக்கோங்கன்னாங்க. தண்ணி பைப்புக்கு அது சரி. பிரேக்க ஓங்கி மிதிச்சா உள்ள 1000 பி.எஸ்.ஐ.க்கு மேல பிரஷர் ஏறும், அங்க அந்த ஜாயிண்ட் பிச்சுக்கிட்டா என்ன ஆகும்? அந்த வண்டில லோடு ஏத்திட்டு என் தம்பியும் போறான் சார். இத கேட்டு யாராவது அப்படியே பண்ணியிருந்தா அவங்க நிலைமைய நினைச்சா தூக்கமே வரல.

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேணும், கெட்டுப் போன மாஸ்டர் சிலிண்டருக்கும் நீங்க தான் பொறுப்பு. அதே பார்ட் நம்பர்ல ஸ்டாக்ல இருக்குறத எடுத்து ரெண்டு முனையையும் செக் பண்ணுங்க, ஏற்கனவே வாங்கினவங்களுக்கு இன்னைக்கே தகவல் சொல்லுங்க, போன் எடுக்குறவங்க பிரேக் லைனுக்கு கம்ப்ரெஷன் ஜாயிண்ட் சொல்றத மொதல்ல நிறுத்துங்க.

ரெண்டு பைப் முனையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்த போட்டோவும் பில்லும் இதோட அனுப்பியிருக்கேன். வண்டி ஜாக் மேலயே நிக்குது, சீக்கிரம் பதில் போடுங்க.