17 மில்லி செகண்ட் (மி.செ.) பெட்டிக்குள் 25 மி.செ. கனெக்டர்: கருங்கல் குவாரியிலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்:
வெடிப்புப் பிரிவு,
கருங்கல் குவாரி மற்றும் கிரஷர்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் (தரக் கட்டுப்பாடு),
வெடிபொருள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஷாக் ட்யூப் (வெடிச் சிக்னலைக் கடத்தும் மெல்லிய குழாய்) கனெக்டர்களில் டிலே (வெடிக்கும் நேரத் தாமதம்) கலப்பு, நீளம் குறைந்த ட்யூப், வெடிக்காமல் நின்ற இரண்டு குழிகள் – பெட்டிகளைத் திரும்பப் பெறவும் எழுத்துப்பூர்வ விளக்கம் தரவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டாவது பெஞ்சில் (குவாரியின் படி மட்டத்தில்) வைத்த வெடியில் டிலே கணக்கு குலைந்தது. இரண்டு குழிகள் வெடிக்காமல் நின்றன. 500 மீட்டர் சுற்றளவுக்கு ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. மறுநாள் உங்கள் சர்வீஸ் இன்ஜினியரைப் போனில் கேட்டதற்கு, "மழைக்காலம், குழியில் தண்ணீர் நின்றிருக்கும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். இடத்துக்கு வராமல், ஒரு ட்யூபைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொன்ன பதில் அது. அதை ஏற்க முடியாது. ஏன் என்பதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறோம்.

115 மி.மீ. விட்டம், 6.5 மீட்டர் ஆழம், இரண்டு வரிசையில் 12 வீதம் 24 குழிகள். பர்டன் (குழிக்கு எதிரே உடைய வேண்டிய கல்லின் கனம்) 2.8 மீட்டர், ஸ்பேசிங் (வரிசையில் குழிக்குக் குழி தூரம்) 3.2 மீட்டர். குழிக்கு 83 மி.மீ. எமல்ஷன் தோட்டா 8, அதாவது 22.24 கிலோ. மேலே ஏறத்தாழ 2.9 மீட்டருக்கு 10–12 மி.மீ. சில்லி ஜல்லி ஸ்டெம்மிங் (குழி வாயை அடைக்கும் நிரப்பு). எல்லாக் குழிக்கும் உள்ளே 250 மி.செ. கேப் (மருந்தைத் தூண்டும் டிடோனேட்டர்). மேலே கனெக்டர்கள் வழியே குழிக்குக் குழி 17 மி.செ., முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு 42 மி.செ. இதே அமைப்பில் இதே பெஞ்சில் பலமுறை வெடித்திருக்கிறோம். கல் நன்றாகவே உடைந்து வந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் முதல் வரிசைக் குழிகள் 0, 17, 34, 51, 68 என்று போகும். இரண்டாம் வரிசை 42, 59, 76 என்று போகும். அடுத்தடுத்து வெடிக்கும் எந்த இரண்டு குழிக்கும் நடுவே குறைந்தது 8 மி.செ. இடைவெளி கிடைக்கும். அந்த 8 மி.செ.தான் ஒரு குழியின் அதிர்வை அடுத்த குழியின் அதிர்வோடு சேராமல் பிரித்து வைக்கிறது. ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்து 22.24 கிலோவுக்கு மேல் போகாது என்று நாங்கள் பதிவேட்டில் எழுதுவதும் அதை நம்பித்தான்.

இப்போது முதல் வரிசையில் ஒரே ஒரு 25 மி.செ. கனெக்டர் நுழைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 17-உம் 25-உம் சேர்ந்தால் 42. மூன்றாவது குழியும் இரண்டாம் வரிசையின் முதல் குழியும் ஒரே கணத்தில் வெடிக்கும். அதோடு நிற்காது. அதற்குப் பின் முதல் வரிசை 59, 76, 93 என்று போகிறது, இரண்டாம் வரிசையும் அதே 59, 76, 93. கடைசிவரை ஜோடி ஜோடியாகத்தான் வெடிக்கும். அந்தத் தவறான கனெக்டர் இரண்டாம் வரிசையில் விழுந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. அங்கே 42, 67, 84 என்று ஆகும், முதல் வரிசை 68, 85. நடுவே 1 மி.செ.தான். எந்த வரிசையில் விழுந்தாலும் ஒரு கனெக்டர் போதும், டிலேக்கு 22.24 கிலோ என்பது 44.48 கிலோ ஆகிவிடும். ட்யூபில் சிக்னல் ஓடும் நேரம் இந்த எண்களை ஓரிரு மி.செ. நகர்த்தலாம், இழந்த இடைவெளியைத் திருப்பித் தராது.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. 200 மீட்டரில், பக்கத்து நிலத்துக் கிணற்று மோட்டார் கொட்டகை ஓரம் அதிர்வுமானி வைத்திருந்தோம். இதே அமைப்பில் முன்பு அங்கே பதிவானது வினாடிக்கு 2.6 முதல் 3.0 மி.மீ. வெள்ளிக்கிழமை 4.9. தூரத்தை மருந்து எடையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்க்கும் வழக்கமான சூத்திரத்தில், அடுக்கு 1.6 என்று வைத்தால், டிலேக்கான மருந்து இரட்டிப்பானால் அதிர்வு சுமார் 1.74 மடங்கு ஏற வேண்டும். 2.8-ஐ 1.74-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.9 வரும். அதிர்வெண் 11 ஹெர்ட்ஸ் என்பதால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டு 7ஆம் எண் சுற்றறிக்கைப்படி வீடுகளுக்கு வரம்பு 10 மி.மீ., 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் 5 மி.மீ. ஆகியிருக்கும். வரம்பைத் தாண்டவில்லை, உண்மைதான். ஆனால் கொட்டகைக்காரர் அன்று மாலையே வந்து, "என்னங்க, இன்னைக்கு மருந்த சேத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்று சொன்னோம். அவர் கேட்டதுதான் சரி என்று பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பெட்டி மேல் ஒட்டியிருப்பது 17 மி.செ. அதில் 22 எடுத்தது போக மீதி 78. ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பிப் பார்த்ததில் 11 கனெக்டரின் டேக்கில் 25 என்று இருக்கிறது. ட்யூபைப் பிடிக்கும் பிளாக்கின் நிறம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. டேக்கில் எண் சிறியது, மூன்றில் மை பாதி அழிந்து 2-இன் வால் மட்டும் தெரிகிறது. பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) ஒவ்வொரு டேக்கையும் படித்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். படித்திருக்க வேண்டும்தான். இனி ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்த்த பிறகே மாட்டுவது என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் நிறத்தை வைத்து டிலேயைக் காட்டுவது நீங்களே பிளாஸ்டருக்குக் கொடுத்த அடையாளம். அந்த அடையாளமே பொய் சொன்னால் தூறலில் குனிந்து கனெக்டர் மாட்டுகிறவர் எதை நம்புவார்? டிலே மருந்தில் இயல்பாகவே சிறிது ஏற்ற இறக்கம் உண்டு என்ற பதிலும் வேண்டாம். ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதால்தான் நடுவே இடைவெளி விட்டுக் கணக்குப் போடுகிறோம்.

அடுத்தது வெடிக்காத குழிகள். குழிக்குள் இறங்கும் ட்யூப் 9 மீட்டர் கேட்டிருந்தோம். ஒரு கட்டில் 7 மீட்டர் வந்திருக்கிறது. பிரைமர் (கேப் பொருத்திய தோட்டா) 6.5 மீட்டர் அடியில் இருக்க, வெளியே மிஞ்சுவது அரை மீட்டர். தோட்டா அடுக்கு சற்று அமுங்கினாலும், ஸ்டெம்மிங் இறுகினாலும் அதுவும் உள்ளே இழுபடும். முடிச்சுப் போட்டு நீட்டக் கூடாத பொருள் இது. விறைப்பாக நிற்கும் ட்யூப் கனெக்டர் பிளாக்கில் சரியாக உட்காராமல் நழுவிவிடும்.

நின்றுபோனவை இரண்டாம் வரிசையின் 3-வது, 5-வது குழிகள். இரண்டும் 7 மீட்டர் ட்யூப் போட்டவை. வெளியே நீட்டியிருந்த நுனியை எங்கள் பிளாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிக்னல் ஓடிய ட்யூபில் உள்பூச்சு எரிந்து தெளிந்திருக்கும். இந்த இரண்டிலும் உள்சுவரில் சாம்பல் நிறப் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. சிக்னல் குழிக்குள் போகவே இல்லை. அடியில் தண்ணீர் நின்று கேப் கெட்டிருந்தால் ட்யூப் எரிந்து கேப் மட்டும் நின்றிருக்க வேண்டும். கல் நகர்ந்து ட்யூப் அறுந்தது என்றும் சொல்ல வழியில்லை. முதல் குழி வெடிப்பதே 250 மி.செ.க்குப் பிறகு. 5-வது குழியின் வாய்க்குச் சிக்னல் வரவேண்டிய நேரம் 110 மி.செ., டிலே கலப்பைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது. அப்போது பெஞ்சில் ஒரு கூழாங்கல்கூட அசைந்திருக்காது. தவிர, தண்ணீர் நின்ற குழிக்கு ஏற்றது என்று சொல்லித்தானே எமல்ஷன் தோட்டாவை விற்கிறீர்கள்?

அந்த இரண்டு குழிகளை அப்புறப்படுத்தியது சாதாரண வேலையில்லை. முன் வரிசை உடைந்து போனதால் எதிரே எவ்வளவு பர்டன் மிச்சம் என்று அளந்துதான் தெரிய வேண்டும். ஒரு குழியில் 2.8 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.6 மீட்டர். மெலிந்த பர்டனில் 22 கிலோவைச் சுட்டால் கல் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாய்க்கு மேலும் முகப்பிலும் மணல் மூட்டை அடுக்கி, கம்பிவலை போர்த்தி, மறுபடி 500 மீட்டரைக் காலி செய்து, நீளமான ட்யூப் உள்ள புதிய கனெக்டர் மாட்டிச் சுட்டோம். அதுவரை எக்ஸ்கவேட்டரை அந்தப் பக்கம் விடவில்லை. கிரஷர் இரண்டு நாள் நின்றது, டிப்பர்கள் வெறுமனே திரும்பின.

2025 ஏப்ரல் 1 முதல் எலக்ட்ரிக் டிடோனேட்டர் தடை செய்யப்பட்ட பிறகு எங்களைப் போன்ற குவாரிகளுக்கு ஷாக் ட்யூப்பே பெரும்பாலும் வழி. அதில் ஓம் மீட்டர் வைத்துச் சர்க்யூட்டைச் சோதிக்க முடியாது. கண்ணும் லேபிளும்தான் சோதனை. ஆகவே லேபிள் விஷயத்தில் ‘சின்னப் பிழை’ என்று ஒன்று கிடையாது.

கனெக்டர் பெட்டியையும் 7 மீட்டர் கட்டையும் மேகசினில் (வெடிபொருள் கிடங்கில்) தனியே பூட்டி வைத்திருக்கிறோம். உரிமம் உள்ள உங்கள் வண்டியில், உரிய படிவங்களோடு நீங்களே வந்து எடுத்துச் செல்ல வேண்டும். எண்ணும்போது உங்கள் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் எங்கள் பிளாஸ்டரோடு உட்கார வேண்டும், போனில் பேசியவர் போதாது. அதே லாட்டில் வேறு எந்தக் குவாரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பது உங்கள் கணினியில் இருக்கும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று எங்கே போயிருந்தாலும் அவர்களுக்கு இன்றே போன் செய்து பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கான மாற்றுச் சரக்கு அதற்குப் பிறகு வரட்டும். நின்ற இரண்டு நாளுக்கான கணக்கைத் தனியே இணைத்திருக்கிறோம்.

ஏழு நாளில் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால், டேக்குகளின் படங்கள், அதிர்வுமானிப் பதிவு, வெடிப்புப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றோடு வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுதுவோம்.

இப்படிக்கு,
வெடிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்கள்

இணைப்பு: 11 டேக்குகளின் படங்கள், அதிர்வுமானிப் பதிவு, குழி வரைபடம், இழப்புக் கணக்கு.