வாகன நிறுத்தக் கொட்டகைக்கு இன்னும் ரூ. 8,30,000 தேவை: முன்னாள் மாணவர்களுக்கு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வாசல் பிள்ளையார் அருளால் ஆனியில் பூமி பூஜை போட்ட இருசக்கர வாகனக் கொட்டகை, தூண் மட்டத்தில் நிற்கிறது. கூரை ஷீட்டை இப்போதைய விலைக்கே தர ஒப்பந்தக்காரர் ஆவணி கடைசி வரைதான் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறியாக வேண்டும்.

நம் கல்லூரி பிடி அரிசியில் எழும்பியது. 1960களில் நம் பாட்டன்மார் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், களத்துமேட்டிலேயே மரக்கால் மரக்காலாக நெல் வாங்கி வந்தார்கள். இல்லை என்று சொன்ன வீடு கிடையாது என்பார்கள். பழைய சைக்கிள் ஸ்டாண்டும் 1974 வேதியியல் அணியினர் போட்டுக் கொடுத்ததுதான். தகர டோக்கனைத் தொலைத்துவிட்டு ஸ்டாண்டு தாத்தாவிடம் கெஞ்சாதவர் நம்மில் யார்?

அந்த ஸ்டாண்டு 120 சைக்கிளுக்குக் கட்டியது. இன்று வரும் வண்டிகள் 400க்கு மேல். மிச்சமெல்லாம் வெளியே, நெடுஞ்சாலை ஓரப் புளியமரத்தடியில். மழை பெய்தால் சைடு ஸ்டாண்டு செம்மண்ணில் இறங்கிவிடும் என்று பிள்ளைகள் ஓட்டுச்சில் தேடி அடியில் வைக்கிறார்கள். ஒன்று சாய்ந்தால் வரிசையே சாய்கிறது. ஹெல்மெட் காணாமல் போகிறது, பெட்ரோல் காணாமல் போகிறது. ஆடியில் மாணவி ஒருவர் ஸ்கூட்டியைப் பின்னால் எடுக்கும்போது லாரி உரசிக் கால் முறிந்தது. உயிர் தப்பியது தெய்வாதீனம்.

'பஸ்ஸில் வந்தால் என்ன?' என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. லேப் முடிந்து வரும்போது அந்தப் பஸ் போய்விடுகிறதே!

அரசு உதவிபெறும் கல்லூரி என்பதால் ஆசிரியர் சம்பளத்துக்கு மானியம் வருகிறது. கொட்டகைக்கு நாம்தான்.

300 வண்டிக்கான செலவுக் கணக்கு: கூரையோடு கொட்டகை 6,000 சதுர அடி, ரூ. 15,00,000. பேவர் பிளாக் தரை ரூ. 6,30,000. விளக்கும் கேமராவும் ரூ. 1,40,000. சாலையில் நேராக இறங்காமல் பக்கத் தெரு வழியாக வெளியேற இரண்டாவது கேட் ரூ. 1,80,000. மொத்தம் ரூ. 24,50,000. வந்தது ரூ. 16,20,000.

தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தள்ளாத வயதிலும் ஆளுக்கொரு தூண் என்று ஏற்றுக்கொண்ட அதே 1974 அணிக்கு முதல் வணக்கம். பென்ஷன் வந்த அன்றே காசோலையோடு வந்த ஓய்வுபெற்ற நூலகர் அம்மா, சிங்கப்பூரிலிருந்து கேமரா செலவு முழுதும் அனுப்பிய தம்பி, கேட்காமலே ரூ. 5,001 கொண்டுவந்து கொடுத்த வாசல் டீக்கடைக்காரர், இவர்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கட்டும். டீக்கடை அண்ணன் நம் கல்லூரியில் படித்தவர்கூட இல்லை.

படித்தவர்களில் பலர் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போட்டதோடு சரி. வெள்ளிவிழாச் சந்திப்புக்கு மண்டபம் பிடித்துப் பிரியாணி போட்ட அணிகள் இரண்டு இன்னும் கணக்கைத் தொடங்கவே இல்லை. பெயர் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு வண்டிக்கு நிழல் தர ஏறக்குறைய ரூ. 8,200 ஆகிறது. முடிந்தவர்கள் ஒன்றோ இரண்டோ ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் ரூ. 501 தந்தாலும் பெயர் பலகையில் வரும், எழுத்தின் அளவும் ஒன்றுதான். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம், சனிக்கிழமை காலை சங்க அறையில் பொருளாளரிடம் நேரிலும் தரலாம். ரசீதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கொட்டகைத் திருப்பணிக் குழு,
முன்னாள் மாணவர் சங்கம்