நூலக வரி கட்டும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "கையிலேயே போன் இருக்கு, இனிமே லைப்ரரிக்கு எவன் போவான்?" என்று கேட்டீர்கள். அதற்குள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். பதிலை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளி கிராமுக்கு ஐம்பது பைசா ஏறினாலே சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகள் முழுக்கப் போன் போட்டு விசாரிக்கிற ஆள் நீங்கள். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் போகிறதே, அதை யோசித்தீர்களா? 1000 ரூபாய்க்கு 100 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், உங்களை விட வேகமாக எனக்கு வராது. பணத்தைக் கட்டிவிட்டு அந்த வாசலையே மிதிக்காமல் இருக்கிறீர்கள்.

இந்த வரிக்கு வழி செய்தது 1948ஆம் வருடத்து சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எத்தனையோ வருடம் வாதாடினார். அவர் நூலகராவதற்கு முன்னால் கல்லூரியில் கணக்கு வாத்தியார், வரியை ரூபாய்க்கு இவ்வளவு என்று கணக்காகப் பிடித்தது அதனால்தானோ என்னவோ!

சரி, போனுக்கு வருகிறேன். உங்கள் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர்களின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னறையில் பட்டறை, பின்னறையில் சமையல், நடுவில் டிவி. போனில் எல்லாப் பாடமும் இருக்கிறது, உட்கார்ந்து படிக்க இடம்தான் இல்லை. அம்மாபேட்டையில் தறி ஓடும் வீடுகளிலும் இதே கதைதான். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மாவட்ட மைய நூலகத்தில் காலையிலேயே இடம் பிடிப்பது ஆசைக்காக இல்லை மாமா, மேசையும் மின்விசிறியும் அன்றைய பேப்பரும் காசில்லாமல் வேறெங்கும் கிடைக்காததால்தான். மாதக் கட்டணம் வாங்கும் படிப்பு அறைகள் இருக்கின்றனதான், அந்தக் காசு எல்லோரிடமும் இருக்கிறதா?

எல்லாக் கிளையும் அருமை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் புத்தகம் அட்டை கிழிந்து கிடக்கிறது, புதுசு வர நாளாகிறது. அப்படியென்றால் கேட்க வேண்டும். வரி கட்டுகிறவர் உள்ளே வந்து "இந்தப் புத்தகம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதற்கு மேலும் மனசு வந்தால், 1000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகலாம்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆகுங்கள், ஆதார் நகல் கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை போய்விட்டு, பூட்டியிருக்கிறது என்று எனக்குப் போன் போடாதீர்கள், அன்றைக்குத்தான் வார விடுமுறை.